விளம்பரமா, வாக்குறுதியா?

காட்டாக்கடையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு வந்து, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியே களியக்காவிளை வரை செல்பவர், சாலையின் இருமருங்கிலும் உள்ள பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு வந்தால், இவ்வட்டாரத்தில் நடுத்தரமான பொருள் என்று ஒன்று விற்கப்படுவதே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடும். நகைக்கடை ‘நாட்டிலேயே முதன்மையானது’, ஜவுளிக்கடை ‘நிகரற்றது’, பயிற்சி நிலையம் ‘தோல்வியே அறியாதது’, நகைக்கடன் நிறுவனம் ‘கிராமுக்கு அதிகபட்சத் தொகை’ தருவது. எல்லையை நெருங்க நெருங்கப் பலகைகளின் மொழி மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறுகிறது. புகழ்ச்சியின் அளவு மாறுவதில்லை.

இவற்றை எல்லாம் நம்புவோரும் இல்லர். எதையுமே நம்பாதோரும் இல்லர். நாம் அனைவரும் ஏதோ ஓர் அளவில் தள்ளுபடி செய்தே விளம்பரங்களைப் படிக்கிறோம். ஆனால் பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கி ஏமாந்த பின்னர் எழும் வினா வேறு: பலகையில் இருந்த சொல்லுக்கு விற்றவரைப் பொறுப்பாக்க முடியுமா? எந்தச் சொல்லுக்கு முடியும், எதற்கு முடியாது?

விளம்பரம் என்ற சொல்லே இங்குச் சுவையான ஒரு குறிப்பைத் தருகிறது. இரு மொழிகளும் புழங்கும் இவ்வூர்களில், கடைக்காரர் செய்வதை மலையாளத்தில் ‘பரஸ்யம்’ என்பர். ‘விளம்பரம்’ என்பது அம்மொழியில் ஆட்சியாளரின் பிரகடனத்துக்கு உரிய சொல். 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் வெளியிட்டது விளம்பரம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிவிப்பும் விளம்பரம். தமிழிலோ சோப்புக்கும் பற்பசைக்கும் அதே சொல்தான். பிரகடனம் சொன்னவரைக் கட்டுப்படுத்தும். கடைவீதிக் கூவல் கட்டுப்படுத்தாது. ஒரு விளம்பர வாசகம் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதே, சற்றேறக்குறைய, நீதிமன்றங்கள் இந்நாள்வரை கேட்டுவரும் கேள்வியாகும்.

புகழ்ச்சிக்கு அளிக்கப்பட்ட விலக்கு

தம் சரக்கைத் தாமே புகழ்ந்துகொள்ள வணிகருக்குள்ள உரிமையைச் சட்டம் நெடுங்காலமாக ஏற்றுவந்துள்ளது. இதனை மிகைப்புகழ்ச்சி எனக் குறிப்பிடலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை நேரடியாகக் கூறவில்லை. ஆயினும் அதன் 17, 18 ஆகிய பிரிவுகளைக் கூர்ந்து படித்தால் காரணம் விளங்கும். மோசடி என்றாலும் திரித்துரை என்றாலும், உண்மையல்லாத ஒன்றை ‘நடப்பு உண்மை’யாக எடுத்துரைத்திருக்க வேண்டும். அவ்வாறு எடுத்துரைத்து ஒப்புதல் பெறப்பட்டிருந்தால், 19-ஆம் பிரிவின்படி ஏமாற்றப்பட்டவர் அந்த ஒப்பந்தத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம். கருத்துரையும் பாராட்டுரையும் இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை.

பாலராமபுரத்துக் கைத்தறிச் சேலையை எடுத்துக்கொள்வோம். சாலியர் தெருவில் நெய்யப்படும் அச்சேலையைக் கடைக்காரர் ‘மகாலட்சுமியே உடுத்த விரும்பும் சேலை’ என்று புகழ்ந்தால், அதைச் சோதித்தறிய வழியில்லை. சோதிக்க எவரும் முயலப்போவதும் இல்லை. அது புகழ்ச்சி. அதே கடைக்காரர், விசைத்தறியில் நெய்த துணியை ‘அசல் பாலராமபுரம் கைத்தறி’ என்று எழுதி விற்றால், அது புகழ்ச்சியன்று, பொய். பாலராமபுரம் சேலைகளும் நுண்பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றவை. பொய்யான குறியீட்டை இடுவோருக்கு 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மகாலட்சுமி பற்றிய வாசகம் பெரியது, கைத்தறி பற்றியது சிறியது; ஆனால் சிறியதுதான் சிறைக்கு இட்டுச்செல்லும். மிகைப்புகழ்ச்சி பற்றிய சட்டத்தில் பலருக்கும் வியப்பளிக்கும் இடம் இது. வாசகம் எவ்வளவுக்கு எவ்வளவு மிகையாகிறதோ, அவ்வளவுக்கு அது பாதுகாப்பானதாகிறது.

வங்கியில் இருந்த 1000 பவுண்டு

வணிகவியல் பயின்ற எவரும் மறக்க இயலாத வழக்கொன்று உண்டு. வணிகச் சட்டப் பாடநூலில் முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடும். தேர்வுக்குத் தவறாமல் வரும். ‘கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி’ என்பதே அது. தேர்வுக்காகப் படிக்கும்போது முனைவு, ஏற்பு என்னும் இலக்கணத்துக்காக மட்டுமே அதை மனப்பாடம் செய்வோம். வங்கிப் பணிக்கு வந்தபின் படித்தால் வேறொன்று கண்ணில் படும்.

1889-90 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் பரவிய இன்புளுவென்சா காய்ச்சல் இங்கிலாந்தையும் கடுமையாகத் தாக்கியது. அவ்வேளையில் லண்டன் நிறுவனம் ஒன்று, கார்பாலிக் அமிலப் பொடி நிரப்பிய ரப்பர் பந்து ஒன்றை விற்றது. பந்தை அழுத்தினால் புகைபோன்ற தூள் குழாய் வழியே மூக்கில் ஏறும். விலை 10 ஷில்லிங். 1891 நவம்பர் 13 அன்று ‘பால் மால் கெசட்’ இதழில் அந்நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. பந்தை நாள்தோறும் மூன்று முறை வீதம் இரண்டு வாரம் உரிய முறையில் பயன்படுத்திய பின்னரும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு வெகுமதி அளிக்கப்படும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அத்துடன் நின்றிருக்கலாம். தாங்கள் சொல்வதில் உண்மையாக இருப்பதற்குச் சான்றாக, ரீஜென்ட் தெருவிலுள்ள அலையன்ஸ் வங்கியில் 1000 பவுண்டு வைப்பாகச் செலுத்தியுள்ளதாகவும் சேர்த்துக்கொண்டது.

திருமதி லூயிசா எலிசபெத் கார்லில் இதைப் படித்துப் பந்தை வாங்கினார். நவம்பர் 20 முதல் நாள் தவறாமல் மூன்று வேளையும் பயன்படுத்தினார். 1892 ஜனவரி 17 அன்று அவருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் 100 பவுண்டு கேட்டார், நிறுவனம் மறுத்தது.

நீதிமன்றத்தில் நிறுவனம் கூறிய வாதங்களுள் முதன்மையானது, அது வெறும் விளம்பரப் புகழ்ச்சியே, எவரும் அதை உள்ளபடி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதாகும். உலகத்தார் அனைவரோடும் ஒப்பந்தம் செய்ய இயலாது என்றும், அம்மையார் தம் ஏற்பைத் தெரிவிக்கவில்லை என்றும் மேலும் சில வாதங்கள் இருந்தன. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும், லிண்ட்லி, போவன், ஏ.எல்.ஸ்மித் ஆகியோர், ஒருமனதாக அவற்றை நிராகரித்தனர். புகழ்ச்சி என்ற வாதத்துக்கு அவர்கள் கண்ட விடை எளியது: வெறும் புகழ்ச்சிக்காக எவரும் வங்கியில் 1000 பவுண்டு செலுத்தி வைப்பதில்லை.

அந்தப் பந்து காய்ச்சலைத் தடுக்குமா தடுக்காதா என்பது அவ்வழக்கில் தீர்மானிக்கப்படவே இல்லை. தராசைச் சாய்த்தது வங்கிக் கணக்கு. மற்றொரு நிறுவனத்தின் பெயரை, அதுவும் மக்கள் நம்பும் ஒரு வங்கியின் பெயரை, தன் சொல்லுக்கு ஈடாக வைத்ததும், புகழ்ச்சி வாக்குறுதியாக மாறிவிட்டது. குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட கால அளவு, குறிப்பிட்ட பயன்பாட்டு முறை, நம்பிக்கைக்கு ஒரு சான்று ஆகிய நான்கும் ஒருசேர அந்த விளம்பரத்தில் இருந்தன. (கார்லில் அம்மையார் 1942 வரை, 96 வயது வாழ்ந்தார். பந்து உதவியதா என்று எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.)

இக்காலத்துக்கு வருவோம். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பின்னர், நெய்யாற்றின்கரை வட்டத்தில் மனை விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ‘எல்லா வங்கிகளாலும் அங்கீகரிக்கப்பட்டது’ என்ற வரி அவற்றில் அடிக்கடி காணப்படுகிறது. ஒரு வங்கி ஒரு மனைக்குக் கடன் வழங்க இசைந்தால், ஆவணங்கள் தன் கடனுக்குப் போதிய ஈடாக உள்ளன என்று அவ்வங்கி தன்னளவில் நிறைவடைந்தது என்பதே பொருள். விலை நியாயமானது என்றோ, சொன்ன சாலை வரும் என்றோ, மதிப்பு இரட்டிப்பாகும் என்றோ எந்த வங்கியும் சான்றளிப்பதில்லை. அலையன்ஸ் வங்கியின் பெயரைப் போலவே இங்கும் எங்கள் பெயர் கடன் வாங்கப்படுகிறது. ஆனால் பின்னால் 1000 பவுண்டு இருப்பதில்லை. இத்தகைய விளம்பரங்களில் நோக்க வேண்டியது வேறு. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவுக்குரிய திட்டமாயின் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் விளம்பரத்திலேயே இடம்பெற வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் செலுத்தி இழப்புற்றவருக்கு 12-ஆம் பிரிவு ஈட்டுத்தொகை அளிக்கிறது. திட்டத்திலிருந்து விலக விரும்பினால் முழுத்தொகையையும் வட்டியுடன் திரும்பப் பெறலாம். ‘துறைமுகத்துக்குப் பத்து நிமிடம்’ என்பது அளந்தறியத்தக்க கூற்று. ‘கனவு இல்லம்’ என்பது அன்று.

நீலமும் பற்பசையும்

நம் நாட்டில் மிகைப்புகழ்ச்சி பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளுள் ஒன்றுக்குக் கேரளத் தொடர்பு உண்டு. வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் வழக்கம் உள்ள எந்த வீட்டிலும் உஜாலாப் புட்டியைக் காணலாம். திருச்சூரைச் சேர்ந்த எம்.பி.ராமச்சந்திரன் 1983-இல் தொடங்கிய தொழில் அது. அதன் விளம்பரத்தில் பத்து ரூபாய் விலையிட்ட ஒரு நீலக் கலன் காட்டப்பட்டு இகழப்பட்டது. பெயர் கூறப்படாவிடினும் அது தங்கள் ‘ராபின் புளூ’வையே குறிக்கிறது என ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனம் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை அணுகியது. 1999-இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தது. அத்துடன் அது தொகுத்துக் கூறிய விதிகளே பின்னாளில் புகழ்பெற்றன. வணிகர் தம் சரக்கை உலகிலேயே சிறந்தது எனக் கூறலாம், அது உண்மையல்லாவிடினும். போட்டியாளரின் சரக்கைவிடச் சிறந்தது எனவும் கூறலாம், அதுவும் உண்மையல்லாவிடினும். ஆனால் போட்டியாளரின் சரக்கு மோசமானது எனக் கூறலாகாது.

இவ்விதிகளைப் படிக்கும் வாடிக்கையாளருக்கு ஓர் ஐயம் எழவேண்டும். இதில் நான் எங்கே இருக்கிறேன்? இரு வணிகர்கள் ஒருவரையொருவர் இகழாமல் தத்தம் சரக்கைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தால், இருவருக்கும் குறையில்லை. வாங்குபவர்தான் நட்டப்படுகிறார்.

இந்த ஐயத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2008-இல் வெளிப்படையாக எழுப்பியது. இதில் அந்நீதிமன்றத்தின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து. கால்சியம், புளோரைடு, டிரைக்ளோசான் ஆகிய மூன்றையும் கொண்ட ‘ஒரே’ பற்பசை, முழுப் பாதுகாப்பு தரும் ‘முதல்’ பற்பசை என்று ஆங்கர் நிறுவனம் விளம்பரம் செய்தது. கோல்கேட் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆங்கர் எவர் பெயரையும் இகழவில்லை. பழைய விதிகளின்படி அது வெறும் புகழ்ச்சி என்று விட்டுவிடலாம். நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் அவ்வாறு விடவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், உண்மையல்லாத தற்புகழ்ச்சியை வணிகர்களின் உரிமையாக மட்டும் கருத முடியாது. அவ்வாறு கருதினால் நுகர்வோருக்கு அச்சட்டம் வழங்கிய உரிமை பறிபோய்விடும் என்பது அவரது தீர்ப்பின் சாரம். ‘ஒரே’, ‘முதல்’ என்னும் சொற்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. இரண்டும் சின்னஞ்சிறு சொற்கள்; ஆனால் உண்மையா பொய்யா என்று சரிபார்க்கத்தக்க சொற்கள்.

எல்லா வழக்குகளிலும் இவ்வளவு தெளிவு கிடைத்துவிடுவதில்லை. கேரளத்தில் ஒரு சோப்பு விளம்பரம், அழகு உங்களைத் தேடி வரும் என்று புகழ்பெற்ற நடிகர் ஒருவரைக் கொண்டு அறிவித்தது. ஓராண்டு பயன்படுத்தியும் அழகு தேடி வரவில்லை என்று வயநாட்டைச் சேர்ந்த முதியவர் ஒருவர் 2015-இல் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் நிறுவனத்தின்மீதும் நடிகர்மீதும் முறையிட்டார். நாடெங்கும் பலர் நகைத்தனர். நிறுவனம் மறு ஆண்டு 30,000 ரூபாய் அளித்துச் சமரசம் செய்துகொண்டது. ‘அழகு தேடி வரும்’ என்பது புகழ்ச்சியா வாக்குறுதியா என்ற வினாவுக்கு அதனால் தீர்ப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பயனுள்ளதாக இருந்திருக்கும். என் எண்ணத்தில், அந்த வாசகம் மட்டுமாயின் அது புகழ்ச்சியே. இத்தனை நாளில் இத்தனை நிறம் என்று சேர்த்திருந்தால் நிலை வேறு.

2019-க்குப் பின்

தற்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்பதை 2(28)-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பது, பொய்யான உத்தரவாதம் அளிப்பது, பொருளின் தன்மை, அளவு, தரம் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடியது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது ஆகியவை அதில் அடங்கும். இறுதியாகச் சொன்னது கவனத்துக்குரியது. சொன்னவை யாவும் உண்மையாக இருந்தும், சொல்லாமல் விட்டதற்காக ஒரு விளம்பரம் குற்றத்துக்கு உள்ளாகலாம். மேலும், போதிய சோதனையின்றிப் பொருளின் திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் அளிப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. ‘சோதனை செய்தோம்’ என்று வணிகர் சொன்னால், அதை மெய்ப்பிக்கும் சுமை அவருடையதே. நுகர்வோர் ஆய்வகம் தேடி அலைய வேண்டியதில்லை.

இச்சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், விளம்பரத்தை நிறுத்த ஆணையிடலாம். 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டத்தொகை விதிக்கலாம். பரிந்துரைக்கும் பிரபலங்களுக்கும் இது பொருந்தும். ஓராண்டு, தொடர்ந்தால் மூன்றாண்டு வரை அவர்கள் எப்பொருளையும் பரிந்துரைக்கத் தடை விதிக்கவும் இயலும். தாம் பரிந்துரைப்பதன் உண்மையை உரிய கவனத்துடன் ஆராய்ந்திருந்தால் மட்டுமே அவர்கள் தப்ப முடியும்.

2022 மார்ச்சில் இவ்வாணையம் சென்சோடைன் பற்பசை விளம்பரத்துக்கு எதிராகப் பிறப்பித்த ஆணையை, 1999-இன் நீலம் வழக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ‘உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது’, ‘பற்கூச்சத்துக்கு உலகின் நம்பர் 1 பற்பசை’ என்பவை அந்த விளம்பரத்தின் கூற்றுகள். நிறுவனம் ஆதாரமாகக் காட்டிய ஆய்வுகள் இந்தியப் பல் மருத்துவர்களிடம் மட்டும் நடத்தப்பட்டவை. உலகெங்கும் என்பதற்குச் சான்றில்லை. விளம்பரத்தை ஏழு நாட்களில் நிறுத்தவும், 10 லட்சம் ரூபாய் செலுத்தவும் ஆணை வந்தது. உலகிலேயே சிறந்தது என்று பொய்யாகவும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்த இடத்திலிருந்து, உலகின் முதலிடம் என்றால் கணக்கைக் காட்டு என்ற இடத்துக்கு 23 ஆண்டுகளில் வந்து சேர்ந்திருக்கிறோம். ‘சிறந்தது’ என்பது சுவை. ‘நம்பர் 1’ என்பது எண்.

இதனால் நகைச்சுவையும் கற்பனையும் தடுக்கப்பட்டுவிடவில்லை. 1985 முதல் இயங்கிவரும் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் நெறிமுறை, சிரிப்பூட்டவும் கண்ணைக் கவரவும் செய்யப்படும் வெளிப்படையான மிகைகளை அனுமதிக்கிறது. அவற்றை உள்ளபடி எடுத்துக்கொள்ள எவருக்கும் தோன்றாதிருக்க வேண்டும், அவ்வளவே. விளம்பரமும் பேச்சுரிமையின் ஒரு பகுதி என்று 1995-இல் டாடா பிரஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. ஏமாற்றும் விளம்பரத்துக்கு அப்பாதுகாப்பு இல்லை.

பணத்தைப் பற்றிய விளம்பரம்

பற்பசை ஏமாற்றினால் நூறு ரூபாயோடு போகும். வைப்புத்தொகை விளம்பரம் ஏமாற்றினால் ஓய்வூதியப் பணமும் மகளின் திருமணச் சேமிப்பும் போய்விடும். இவ்வட்டார மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017 செப்டம்பரில், எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள மத்தம்பாலையில் இயங்கிவந்த நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் மூடப்பட்டது. உரிமையாளர் நீதிமன்றத்தில் திவால் மனு அளித்தார். பணம் போட்டிருந்தோர் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். வீடு ஒரு மாநிலத்தில், பணம் செலுத்திய அலுவலகம் மறு மாநிலத்தில் என்ற நிலையில், எந்தக் காவல் நிலையம், எந்தச் சட்டம் என்பதே முதல் அலைச்சலாயிற்று.

2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது. பணத்தைத் திருப்பித் தராதபோதுதான் குற்றம் என்ற நிலையை அது மாற்றிவிட்டது. உரிய ஒழுங்குமுறை அமைப்பின்கீழ் வராத திட்டத்துக்கு வைப்பு கோரி விளம்பரம் செய்வதே குற்றம். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும், 2 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இங்கே மிகைப்புகழ்ச்சி என்ற வாதத்துக்கே இடமில்லை. புகழ்ச்சி மிதமானதா மிகையானதா என்று எவரும் பார்ப்பதில்லை.

ஆகவே வைப்பு விளம்பரத்தில் ‘நம்பிக்கையின் மறுபெயர்’, ‘தலைமுறைகளின் தோழன்’ போன்றவற்றை விட்டுவிட்டு, சரிபார்க்கத்தக்கதைத் தேட வேண்டும். வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இதுவே வரம்பு. வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் பொதுமக்களிடம் வைப்பு ஏற்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவையும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரலாகாது. அவற்றின் வைப்புகளுக்கு அக்காப்பீடும் இல்லை. இந்த வரம்பைத் தாண்டிய வட்டியைப் பலகையில் கண்டால், அந்த எண்ணே பதிலைச் சொல்லிவிடுகிறது.

கடன் விளம்பரங்களில் நிலைமை வேறு. ‘கிராமுக்கு அதிகபட்சத் தொகை’ என்பதை எடுத்துக்கொள்வோம். நகை மதிப்பில் எவ்வளவு வரை கடன் தரலாம் என்பதை ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. ஒழுங்காக நடக்கும் எந்த நிறுவனமும் அதைத் தாண்ட முடியாது. மேலும் கிராமுக்குக் கூடுதல் கடன் என்றால் கூடுதல் வட்டி என்பதும், விலை சற்று இறங்கினாலும் நகை ஏலத்துக்கு அருகில் செல்லும் என்பதும் பலகையில் இடம்பெறுவதில்லை. வங்கிகளையும் இதில் விட்டுவிடுவதற்கில்லை. ‘இத்தனை சதவீதம் முதல்’ என்று எழுதும்போது, ‘முதல்’ என்ற சொல்லை நாங்களும் சிறிதாகவே அச்சிடுகிறோம். அந்தக் குறைந்த வட்டி உயர்ந்த கடன் மதிப்பெண் உடையவருக்கு மட்டுமே கிடைக்கும். இதற்குத் துணையாக வந்திருப்பது முக்கிய விவரக் குறிப்பு. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும், எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் சதவீத விகிதத்தைக் காட்டும் இக்குறிப்பைக் கடன் வாங்குபவருக்கு அளிக்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. கையெழுத்திடும் முன் தமிழில் கேளுங்கள். மலையாளம் எளிதெனில் மலையாளத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எங்கள் ஊழியருக்கு அது தொல்லையன்று.

மொழி பற்றிய இன்னொரு விதியும் எல்லையோர மக்களுக்கு மிகவும் பயன்படுவது. 2022 ஜூனில் வெளியான தவறான விளம்பரங்கள் தடுப்பு வழிகாட்டு நெறிகளின்படி, நிபந்தனைகளும் பொறுப்புத் துறப்பும் கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், அதே வகை எழுத்தில் இருக்க வேண்டும். தலைப்புத் தமிழில் பெரிதாகவும், நிபந்தனைகள் ஆங்கிலத்தில் கடுகளவாகவும் இருக்கும் பலகைகள் நம் சாலைகளில் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

முறையீடு செய்யும் இடம்

பாறசாலையில் வசித்துக்கொண்டு களியக்காவிளையில் பொருள் வாங்குவோர் பலர். முன்பு, எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட வேண்டியிருந்தது. எனவே நாகர்கோவிலுக்குச் செல்ல நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டின் சட்டம், முறையிடுபவர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே முறையிட இடமளிக்கிறது. பாறசாலைக்காரர் திருவனந்தபுரத்திலும், எல்லைக்கு அப்பால் வசிப்பவர் நாகர்கோவிலிலும் முறையிடலாம். கடை எங்கிருந்தாலும் சரி. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். முதற்கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பொதுமக்கள் பலரைப் பாதிக்கும் விளம்பரமாயின், மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய ஆணையத்திடமோ எழுத்து மூலம் புகார் அளிக்கலாம்.

முறையிட இரண்டு ஆண்டுக் கால வரம்பு உண்டு. துண்டுப் பிரசுரத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துவதோடு, பலகையைக் கைபேசியில் தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. புகார் எழுந்த மறுநாளே பலகைகள் மாறிவிடுவதுண்டு. பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையாயின் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் ஏதும் இல்லை. வழக்கறிஞரை அமர்த்தியே ஆகவேண்டும் என்பதும் இல்லை.